மிளகாய்த்தூளும் வெள்ளைக் கொக்கும்

லண்டன் மோர்டனில் ஒரு தமிழர் கனடா போகிறார் என்று தெரிந்தால் போதும், அவர் வீட்டு மணி ஓயாது. நாங்கள் போகவிருந்தது ரொறன்ரோவுக்கு அல்ல. கனடாவின் வடக்கே, சனமே இல்லாத ஒரு காட்டுப் பூங்காவுக்கு. உலகத்தில் கொஞ்சமே மிஞ்சியிருக்கும் ஒரு வெள்ளைக் கொக்கு அங்கேயுள்ள சதுப்பு நிலத்தில்தான் குஞ்சு பொரிக்கிறது. முதியோர் இல்லத்தில் இருபது வருடம் ஷிப்ட் செய்த என் மனைவிக்கு அதை ஒருமுறை கண்ணால் காண வேண்டும். பென்ஷன் எடுத்ததும் கூட்டிப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

"கனடாதானே அண்ணை, இந்தத் தூளை ரொறன்ரோவில எங்கட அக்காவிட்டக் குடுத்துவிடுங்கோ," என்று முதலில் வந்தவர் அடுத்த தெருக்காரர். ரொறன்ரோவிலிருந்து அந்தப் பூங்காவுக்குப் போகும் தூரத்துக்கு லண்டனிலிருந்து துருக்கிக்கே போய்விடலாம். அவர் கேட்டால்தானே! பிறகு சீலை, பயத்தம் பணியாரம், மறுபடியும் தூள். முகத்துக்கு நேரே மறுக்க எனக்கு வராது.

மனைவி எல்லாவற்றையும் தராசில் வைத்தாள்.

"அங்கத்தைச் சின்னப் பிளேனில ஆளுக்குப் பத்துக் கிலோதான் ஏலும். கொக்கோ, தூளோ?"

"நீர் முன்னுக்குப் போம். நான் ரொறன்ரோவில இதுகளைக் குடுத்திட்டு ரெண்டு நாளில வந்து சேருறன்."

"வாருங்கோ பாப்பம்," என்றாள். குரலில் நம்பிக்கை இல்லை.

ரொறன்ரோவில் தூள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. சீலை வீட்டில் இரவுச் சாப்பாடு. பணியார வீட்டுக்காரர், "எங்கட வீட்டில கை நனைக்காமல் போறதோ?" என்று கோபித்துக்கொண்டார். மூன்றாம் நாள் நான் அங்கே ஆட்டிறைச்சிக் கறிக்கு முன்னால் இருந்தபோது, வடக்கே போகும் விமானம் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. கிழமைக்கு இரண்டுதான்; அடுத்தது நாலு நாள் கழித்து.

அன்று பின்னேரம் அவள் போன் எடுத்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

"கண்டிட்டன். கொக்குக் காட்டுற பிளேன் பதிஞ்சு பறக்கேக்க கீழ தண்ணிக்குள்ள ரெண்டு பெரிசு, நடுவில மண்ணிறத்தில ஒரு குஞ்சு. 'இஞ்சாருங்கோ'வெண்டு திரும்பினன். பக்கத்தில ஆரோ ஒரு வெள்ளைக்காரன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அடுத்த பிளேனில வாறன்," என்றேன்.

"வேண்டாம். அந்தாளுக்கே எல்லாத்தையும் காட்டிப்போட்டன்."