நிழலில் காய வேண்டிய துணி

கெங்கம்மாளின் புடவையைக் கொடியிலிருந்து உருவி வேப்பமர நிழலுக்கு இழுத்துக்கொண்டு போனார் வேம்புலி. பாதிதான் காய்ந்திருந்தது. போகிற வழியில் பக்கத்துக் கொடியில் தொங்கிய பள்ளிச் சட்டையையும் இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"யோவ், உனுக்கு இன்னாயா கேடு? ஈரப் பொடவைய சுத்திகினு நான் வேலைக்குப் போவணுமா?" மாடியிலிருந்து கெங்கம்மாள் கத்தினாள்.

"வெயிலு தின்னுகினு கீது கெங்கம்மா. நெழல்ல போட்டா ரெண்டு வருசம் சேத்து வரும்."

"அது வரும்போது வரட்டும். இன்னிக்கு மொதல்ல காயட்டும்!"

வேம்புலிக்கு லீவு திங்கட்கிழமை. அன்று திருநின்றவூரில் இந்தத் தெருவில் எந்தத் துணிக்கும் வெயில் கிடையாது.

மற்ற நாளெல்லாம் அவர் காவல் காப்பது ஒரே ஒரு துணியை. முன்பு கொரட்டூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டியாக இருந்தார். அங்கே குடியிருந்த அருள்மொழி, ஐடி ஆள், நண்பர்களோடு சேர்ந்து ஒரு சின்னப் பாய்மரப் படகு வாங்கி ஈஞ்சம்பாக்கம் பக்கம் கடற்கரை மணலில் ஏற்றிப் போட்டார். பார்த்துக்கொள்ள வேம்புலியைக் கூப்பிட்டார். "காட்டமரான்னாரு. நம்ம கட்டுமரமாட்டம் இருக்கும்னு போனா, ரெண்டு செருப்புக்கு நடுவுல வலையக் கட்டி உட்டாப்ல கீது" என்பார் வேம்புலி. இதுவரை அதில் ஏறியதில்லை. கடல் அவருக்கு ஆகாது, தலை சுற்றும்.

முதல் நாள் அருள்மொழி சொன்னது இவ்வளவுதான்: "அண்ணே, படகை யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க. பாய்தான் முக்கியம். உப்பும் வெயிலும் பட்டா இத்துப் போயிடும். புதுசு வாங்குற நிலைமையில நாங்க இல்ல." அன்றிலிருந்து உலகத்தில் வேம்புலிக்கு இரண்டு எதிரிகள்.

இருட்டிலேயே கிளம்பி மின்சார ரயில், சென்ட்ரலில் இறங்கி வேறொரு ரயில், அப்புறம் பஸ். ஊரின் ஒரு முனையில் படுத்து மறுமுனையில் எழுந்திருப்பதுபோல ஒரு பிழைப்பு. நின்றுகொண்டே தூங்க அவருக்கு வரும். கம்பியைப் பிடித்த கை மட்டும் விழித்திருக்கும்.

படகுக்காரர்கள் ஓட்டிக் களைத்துக் காரில் ஏறிப் போன பிறகுதான் அவர் வேலை சூடுபிடிக்கும். கேன் தண்ணீரை ஊற்றிப் பாயின் உப்பைக் கழுவுவார். நிழலில் உலர்த்துவார். மடித்தால் மடிப்பில் வெடிக்கும் என்று சுருட்டுவார். உறை போட்டு, எலி கடிக்காமல், படகின் வலைமேல் தூக்கி வைப்பார். அந்தக் கரையில் நிழல் என்று இருப்பது ஒற்றைப் பூவரசு. அதன் நிழல் ஓர் ஆளுக்குத்தான் காணும். அந்த ஆள் பாய். வேம்புலி பக்கத்தில் வெயிலில் உட்கார்ந்திருப்பார்.

உறை ஒரு சாண் குட்டை. அது அவர் செய்த கூத்து. சுருட்டிய பாயை அளக்க டேப் இல்லாமல், கட்டியிருந்த புது லுங்கியை அவிழ்த்துப் போட்டு அளந்தார். உள்ளே டிரவுசர் இருந்தது என்று சொல்கிறார், நம்புவோம். ஒரு லுங்கி, மேலே ஒரு முழம். கரையான்சாவடியில் கார் கவர் தைக்கும் கடைக்கு அந்த லுங்கியையே அளவாகக் கொண்டுபோனார். நடுவில் நாகம்மா, அவர் மனைவி, அதைத் துவைத்துவிட்டாள். புது லுங்கி ஒரே தண்ணீரில் சுருங்கிற்று. உறை வந்தபோது பாயின் முனை, குட்டைப் போர்வையில் கால் நீட்டியவன்போல் வெளியே நின்றது.

இதற்கிடையில் அவர் வலது கண் சிவந்து கிடந்தது. மூக்குப் பக்கத்திலிருந்து வெள்ளையில் ஒரு சதை ஏறிக்கொண்டிருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரிக்கு நாகம்மாதான் இழுத்துக்கொண்டு போனாள்.

"வெயில்ல நிக்காதீங்க. தொப்பி போடுங்க. இது கருவிழிய மூடிச்சுன்னா பார்வை போயிடும்" என்றார் டாக்டரம்மா.

"மேடம், எனுக்கு வேலையே வெயில்ல நிக்கறதுதான்."

"அப்போ ரெண்டு தொப்பி போடுங்க."

நாகம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டைக்குக் காலர் தைப்பவள். பகலெல்லாம் மிஷின் மிதித்த கால், வீட்டுக்கு வந்தும் மிதித்தது. உறைக்கு வாங்கிய துணியில் மிச்சமிருந்ததைக்கொண்டு அகலமாய் விளிம்பு வைத்து, காற்றில் பறக்காமல் தாடைக்குக் கீழே கட்ட நாடா வைத்து, ஒரு தொப்பி தைத்தாள். காலையில் அதைப் போட்டுக்கொண்டு போனார். சாயங்காலம் கண் முன்னைவிடச் சிவந்து, வெறுந்தலையாய் வந்தார்.

"தொப்பி எங்கயா?"

"கீது."

மறுநாளும் அதே கேள்வி, அதே "கீது".

ஞாயிற்றுக்கிழமை அருள்மொழி கடற்கரையில் எடுத்த படத்தை வேம்புலியின் போனுக்கு அனுப்பினார். நாகம்மா அதை இரண்டு விரலால் விரித்துப் பார்த்தாள். வலைமேல் பாய் படுத்திருந்தது. உறைக்கு வெளியே நீட்டிய முனையில் தொப்பி, நாடாவெல்லாம் ஒழுங்காகக் கட்டி. அருகே வேம்புலி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

"இன்னாயா இது?"

"முனை வெளிய நீட்டிகினு கீதே. மொத்த வெயிலும் அது மேலதான்."

"உன் கண்ணு?"

"அது என்னுதுதான? போனா யாரு வந்து கேக்கப் போறா?"

நாகம்மா சோற்றைப் போட்டு வைத்துவிட்டு மிஷினில் உட்கார்ந்தாள். பழைய குடைத் துணியை இரட்டையாக மடித்து, தன் கையால் ஒரு சாணும் இன்னும் நாலு விரலும் அளந்து, சுருக்குக் கயிறு வைத்த பை ஒன்றைத் தைத்து அவர் மடியில் எறிந்தாள்.

"இது அதுக்கு. தொப்பி உனுக்கு. தொப்பி திரும்ப வரலன்னா, இருக்கற லுங்கியெல்லாம் மொட்டமாடி வெயில்ல போட்டுடுவேன், பாத்துக்க."

அந்த வாரம் தொப்பி திரும்பி வந்தது, உப்புப் பூத்து. அடுத்த திங்கட்கிழமை நாகம்மா அதை அலசி, வேண்டுமென்றேதான், நல்ல வெயிலில் கொடியில் மாட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.

வேம்புலி தெருவைச் சுற்றி வந்தார். கெங்கம்மாள் மாடியிலிருந்து, "என் பொடவயத் தொட்டா கைய ஒடிப்பேன்" என்றாள். அவர் புடவையைத் தொடவில்லை. தொப்பிக்கு முன்னால் நின்று விளிம்பைக் கிள்ளிப் பார்த்தார். உச்சுக் கொட்டினார். கிளிப்பைக் கழற்றி எடுத்தவர், நிழலுக்குப் போகவில்லை. சொட்டச் சொட்ட அதைத் தலையில் வைத்து, வலது கண் பக்கமாகக் கொஞ்சம் கூடவே இழுத்துவிட்டுக்கொண்டார்.