தரங்கம்பாடியில் நின்றுபோனவள்

கல்யாணமாகி நான் ஆவடிக்கு வந்தது எண்பதுகளின் நடுவில். கணவருக்குப் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் இரண்டாவது மாடி வீடு. நான் தூத்துக்குடிப் பக்கம் கடலைப் பார்த்தே வளர்ந்தவள். ஆவடியில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதென்றே எனக்குப் பிடிபடவில்லை. கணவர் ஷிப்டுக்குப் போனபின் பால்கனியில் நின்று துணி காயவைக்கும் பெண்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எதிர்ப்பட்டால் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அதற்குமேல் என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியாது.

வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். பொங்கல் விடுமுறைக்கு எங்கள் பிளாக்கின் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து இரண்டு வேன் பிடித்தார்கள். மாமல்லபுரம், புதுச்சேரி, பிச்சாவரம், தரங்கம்பாடி, கடைசியில் வேளாங்கண்ணி. நாங்களும் பெயர் கொடுத்திருந்தோம். கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் கணவர் வந்து, லீவு கிடைக்கவில்லை என்றார்.

"அப்ப நானும் போகல."

"நீ போயிட்டு வா. கடல் கடல்னு கெடந்தியே."

விடியற்காலையில் வேன் புறப்பட்டது. ஓட்டுநர் திருவேற்காட்டுக்காரர், வாய் ஓயாமல் பேசுபவர். சென்னீர்குப்பத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது, எல்லோரும் குடும்பம் குடும்பமாக நிற்க, நான் மட்டும் வேனின் நிழலில் நிற்பதைப் பார்த்துவிட்டார்.

"இன்னாக்கா, சார் வர்லியா?"

"லீவு கெடைக்கல."

"அது சரி, ஃபேக்டரின்னா அப்டித்தான்" என்று ஒரு டீயை என்னிடம் நீட்டிவிட்டுப் போனார்.

மாமல்லபுரத்தில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. கைக்குழந்தையும் கூட்டமும் இல்லாதவள் நான் ஒருத்திதான் என்பதால் கேமராக்களையெல்லாம் என் கையில் கொடுத்தார்கள். கடற்கரைக் கோயில் முன்னால், யானைச் சிற்பத்தின் முன்னால், உருண்டைப் பாறையைத் தாங்குவதுபோல் கையை உயர்த்திக்கொண்டு, ஒவ்வொரு குடும்பமாக வந்து நின்றது. "கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்று சொல்லிச் சொல்லி அன்று என் தொண்டை கட்டிவிட்டது. ஒரு நாளில் நான் அவ்வளவு பேசியது ஆவடிக்கு வந்தபின் அதுதான் முதல் தடவை.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே அப்போது வேன் போகிற மாதிரி சாலை கிடையாது. செங்கல்பட்டுக்கு வந்து, திண்டிவனம் சுற்றிப் புதுச்சேரி போய்த் தங்கினோம். மறுநாள் காலை பிச்சாவரத்தில் படகு. குடும்பங்கள் ஏறியபின் எந்தப் படகில் இடமிருந்ததோ அதில் என்னை உட்காரவைத்தார்கள். சுரபுன்னை மரங்கள் வேரைத் தண்ணீருக்குள் விரித்துக்கொண்டு நின்றன. கிளைகள் கூடி மூடிய கால்வாய்க்குள் படகு நுழைந்ததும் குழந்தைகள்கூட அமைதியாகிவிட்டார்கள். என் பக்கத்தில் இருந்த அம்மாள் கணவரின் தோளைத் தொட்டு ஒரு நாரையைக் காட்டினார். நானும் அதைப் பார்த்தேன். காட்டுவதற்கு எனக்கு ஆள் இல்லை.

பயணத்தில் வண்டிக்குள் ஒரு ஒழுங்கு ஏற்படும் அல்லவா, எந்தப் பை எங்கே, யார் எந்த இருக்கை என்று? எனக்கு அது ஏற்படவில்லை. எந்த வேனில் இடமிருக்கிறதோ அதில் ஏறிக்கொண்டேன்.

மதியம் தாண்டித் தரங்கம்பாடியில் இறங்கினோம். டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையைப் பார்த்தோம். எங்கள் கூட்டத்துப் புராட்டஸ்டன்ட்காரர்கள் பழைய தேவாலயத்தைப் பார்க்கப் போனார்கள். நான் கடலோரமாக நடந்தேன். அங்கே ஒரு சிவன் கோயிலைக் கடல் பாதி தின்றிருந்தது. விழுந்த சுவர்களின் மேல் அலை ஏறி இறங்கியது. ஒரு கல்லில் உட்கார்ந்தேன். மாமல்லபுரத்தில் கடலைப் பார்க்க எனக்கு நேரமே இருக்கவில்லை. இங்கே யாரும் என்னிடம் கேமராவை நீட்டவில்லை. உப்புக்காற்று முகத்தில் அடித்தது. எங்கள் ஊர்க் கடலைவிட இந்தக் கடல் சத்தம் போடுகிறதே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தத்தில் ஹாரன் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது வேன்கள் நின்ற இடம் காலியாக இருந்தது. வாழைப்பழத் தோல்களும் டயர்த் தடமும் மட்டும் கிடந்தன. வேறு எங்காவது நிறுத்தியிருப்பார்களோ என்று தேவாலயம் வரை ஓடிப் பார்த்தேன். இல்லை. என்ன நடந்தது என்று உடனே புரிந்துவிட்டது. முதல் வேன்காரர்கள் நான் இரண்டாவதில் இருப்பதாக நினைத்திருப்பார்கள். இரண்டாவது வேன்காரர்கள் முதலாவதில் என்று.

மணலில் கருவாடு காயப்போட்டிருந்த ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, வண்டி போயிடுச்சே. உன்னை உட்டுட்டாங்களா?"

"இல்லக்கா, வீட்டுக்காரர் வருவாரு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ. பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. தவறவிட்டார்கள் என்றால் தேடிக்கொண்டாவது வருவார்கள். நான் இல்லாததே தெரியாமல் போயிருக்கிறார்கள் என்பதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

வேன் திரும்பி வரும் என்று கோட்டைச் சுவரோரம் நின்றேன். நிழல் நீண்டது. அவள் கருவாட்டைக் கூடையில் அள்ளி முடித்துவிட்டு மறுபடி வந்தாள்.

"வூட்டுக்காரரு வரக்காணுமே?"

அப்போதுதான் அழுதேன். அவள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு என்னைப் பேருந்து நிற்கும் இடத்துக்கு அழைத்துப்போனாள். நாகப்பட்டினம் பேருந்து வந்ததும் கண்டக்டரிடம், "தனியா வர்ற பொண்ணு, வேளாங்கண்ணி பஸ்சுல ஏத்தி உடுங்க" என்று சொல்லிவிட்டு, பேருந்து நகரும் முன்பே திரும்பி நடந்துவிட்டாள்.

காரைக்கால் தாண்டும் வரை, போய் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவ்வளவு கோபம் எனக்கு வரும் என்று எனக்கே தெரியாது.

வேளாங்கண்ணியில் விளக்குப் போட்டிருந்தார்கள். எங்கள் வேன்கள் இரண்டும் அடுத்தடுத்து நின்றன. ஓட்டுநர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா, கோயிலுக்குப் போய்கினு வந்தியா? அல்லாரும் ஓட்டலாண்ட கீறாங்கோ, போ."

ஓட்டலில் எல்லோரும் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"வாங்க, எங்க போனீங்க? அந்த வேன்ல உங்களுக்கு ஜன்னல் சீட்டு கெடைச்சுதா?"

அவர் முகத்தில் கள்ளம் இல்லை. தேடவில்லை என்ற குற்ற உணர்வும் இல்லை. இலையில் சாதம் விழுந்தது. நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வெளியே வரவில்லை.

"கெடைச்சுது" என்றேன்.

ஊர் திரும்பியபின் சில நாள் பொறுத்துக் கணவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் எழுந்து சட்டையை மாட்டினார்.

"எங்க போறீங்க?"

"கேக்க வேண்டாமா? ஒரு பொம்பளைய நடுவழியில உட்டுட்டு..."

"என்னத்தக் கேப்பீங்க? அவங்களுக்கு விஷயமே தெரியாது."

பொத்தான் போட்ட கை நின்றது. கட்டிலில் உட்கார்ந்தார். தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"லீவு கெடைச்சுது. நான்தான் டூட்டி போடச் சொல்லிக் கேட்டு வாங்கினேன்."

நான் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"ரெண்டு மூணு நாள் அவ்வளவு பேரோட எப்படி இருக்கிறதுன்னு பயந்துட்டேன். கேன்டீன்ல தனியாத்தான் சாப்புடுவேன். வேலைக்குச் சேந்ததுலேர்ந்து அப்படித்தான். என்ன பேசுறதுன்னு தெரியாது எனக்கு."

கோபப்பட்டிருக்க வேண்டும். இரண்டு நாள் பேசாமலும் இருந்தேன். ஆனால் சாப்பாட்டு டப்பாவைக் கட்டும்போதெல்லாம் அவர் அதை எந்த மூலையில் உட்கார்ந்து திறப்பார் என்ற நினைப்பு வந்தது. அந்த வீட்டில் தனியாக இருப்பது நான் ஒருத்திதான் என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதன்பின் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்ததும் அவராகவே, "பழவேற்காடு போவமா?" என்றார். பஸ் மாறி மாறிப் போனோம். ஏரியில் பூநாரைகள் வந்திருந்தன. டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தில், மண்டையோடு செதுக்கிய கற்களுக்கு நடுவே, புரியாத எழுத்துகளை அவர் விரலால் தடவிப் பார்த்தார். சொந்த ஊர் எங்கேயோ இருக்க, இங்கே வந்து செத்துப்போனவர்கள். பிறகு முகத்துவாரம் வரை நடந்தோம். திரும்பும்வரை இருவரும் மொத்தமாகப் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

தொண்ணூறுகளில் கடலோரச் சாலை வந்தபின் இன்னும் பல இடங்களுக்குப் போனோம். எப்போதும் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். பிளாக்கில் வேறு பயணங்களுக்கு அழைத்தார்கள். ஏதாவது சாக்குச் சொல்லிவிடுவோம்.