தறிக்காரன் செய்த கார்

எங்கள் வீட்டில் ஜப்பான் என்றால் வசவு. ஆடி மாதம் பெரியபாளையத்தம்மன் திருவிழாக் கடையில் தகரக் கார் வாங்கிச் சாவி முறுக்கி விட்டால், பஸ் ஏறுவதற்குள் உள்ளே ஸ்பிரிங் தெறித்துவிடும். "ஜப்பான் சாமான்டா, அவ்ளோதான்" என்பார் அப்பா. காற்றில் மடங்கிப்போன குடை, ஒரே வெளுப்பில் சாயம் போன சட்டை, சொன்ன நாளில் நூல் கொண்டுவராத வியாபாரி, எல்லாமே அவருக்கு ஜப்பான் சாமான்தான். அறுபதுகளில் எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருந்ததாக எனக்குத் தெரியாது.

பொன்னேரிக்குப் பக்கத்து ஆரணியில் நாங்கள் நெசவுக்காரர்கள். வீட்டின் முன்கூடம் முழுக்கக் குழித்தறி. அப்பா குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதிப்பலகையை மிதித்தால்தான் அடுப்பு எரியும். அண்ணனும் சின்ன வயதிலேயே அந்தக் குழியில் இறங்கிவிட்டான். என்னை மட்டும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆனாலும் பள்ளிவிட்டு வந்ததும் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பாவைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. பாவு என்றால் தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டிய நூல். அதில் ஓர் இழை அறுந்து, அது தெரியாமல் நெய்துகொண்டே போனால், புடவையில் நெடுக ஒரு கோடு விழும். புடவையே வீண். அதனால் அறுந்ததைக் கண்டதும் நான் "இழை!" என்று கத்துவேன். அண்ணன் இரண்டு காலையும் மேலே தூக்கிவிடுவான். தறி நின்றுவிடும். அறுந்ததை முடிந்துவிட்டு மறுபடி மிதிப்பான். யோசித்துச் செய்வதில்லை, கால் தானாகவே எழும்பும்.

பிற்பாடு அண்ணன் குழியை விட்டு எழுந்து லாரியில் கிளீனராகப் போனான். அங்கேயே ஓட்டக் கற்றுக்கொண்டான். எழுபதுகளின் நடுவில் புதுவாயலில் நெல்வயல் நிறைய வைத்திருந்த ஒரு பண்ணைக்காரரிடம் கார் டிரைவராக இருந்தான். கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருந்தது. "செத்தாலும் இனிமே அந்தக் குழில எறங்க மாட்டேன்டா. காலு மரத்துப் போயி, எழுந்தா நம்ம காலு எங்க இருக்குதுன்னே தெரியாது" என்பான். நான் மெட்ராஸில் ஆட்டோமொபைல் டிப்ளமா முடித்து, கும்மிடிப்பூண்டியில் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்த ஓர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன்.

பண்ணைக்காரரின் பழைய கார் ஒருநாள் ஒரேயடியாக உயிரை விட்டது. மெட்ராஸில் வெளிநாட்டுத் தூதரகக் கார்களை ஏலம் விடுகிறார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அண்ணனோடு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

"நீ படிச்சவன். பாத்து சொல்லு நைனா" என்றார்.

அங்கே நின்ற வண்டிகளில் வெள்ளையாக, அடக்கமாக ஒரு ஜப்பான் கார். அதன் கம்பெனிப் பெயரை அங்கே இருந்தவர்கள் ஆளுக்கொரு விதமாக உச்சரித்தார்கள். பண்ணைக்காரர் விரல் முட்டியால் பானெட்டைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னாப்பா இது, டப்பா மாதிரி சத்தம் வருது? ஜப்பான் பொம்மையா?"

அந்தக் கம்பெனியைப் பற்றிப் படிப்பு முடிக்கும் வருஷம் நூலகத்தில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் வாசித்திருந்தேன். ஒரு பக்கம் வாசிக்க எனக்கு ஒரு சாயங்காலம் பிடிக்கும். அகராதியும் கையுமாக அந்தக் கட்டுரையை மூன்று பொழுது வாசித்தேன். அதை முடித்த அன்றைக்கு ஹாஸ்டலுக்கு நடந்து போகையில் பக்கத்தில் யார் வந்தார்கள், போனார்கள் என்றே தெரியவில்லை.

"இந்தக் கம்பெனிக்காரங்க மொதல்ல கார் பண்ணல மொதலாளி. தறி பண்ணாங்க."

"தறியா? உங்க ஊட்ல கீதே, அந்தத் தறியா?"

"அதே மாதிரிதான். ஒரு தச்சரோட புள்ள. அவங்கம்மா நெய்யறதப் பாத்துப் பாத்து, தானா ஓடற தறியக் கண்டுபுடிச்சாரு. அந்தத் தறில ஒரு இழை அறுந்தாப் போதும், அதுவே நின்னுடும். யாரும் பக்கத்துல நின்னு பாக்க வேணாம். அவரு புள்ளதான் பிற்பாடு கார் பண்ண எறங்கனாரு."

"தறி பண்றவன் கார் பண்ணா, சட்டி பண்றவன் ஏரோப்ளேன் பண்ணுவானா?" என்று சிரித்தார் அவர்.

அண்ணன் என் காதருகில் குனிந்தான். "தானா நிக்குமா? அறுந்தது அதுக்கு எப்படிடா தெரியும்? கதை உடாத."

"ஒவ்வொரு இழை மேலயும் மெல்லிசா ஒரு தகடு தொங்குமாம்ணா. இழை அறுந்தா தகடு கீழ உழும். உடனே நின்னுடும்."

அண்ணன் திறந்த வாயை மூடவில்லை. குழியில் அத்தனை வருஷம் உட்கார்ந்தவனுக்குத்தான் அந்த ஒரு தகட்டின் அருமை தெரியும்.

பண்ணைக்காரருக்குத் தறி பெரிதாகப் படவில்லை. இன்னொன்றையும் சொன்னேன். இந்தக் கம்பெனி முதலில் அமெரிக்காவுக்கு அனுப்பிய கார் அங்கே எடுபடவில்லை. அந்த ஊர் நெடுஞ்சாலை வேகத்துக்கு இன்ஜின் தாங்கவில்லை, மேட்டில் திணறியது. அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். குறையெல்லாம் பார்த்து வேறு காரே செய்துகொண்டு மறுபடி போனார்கள்.

"மறுபடியும் போனானா?" அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "அடி வாங்குன எடத்துக்கேவா?"

"ஆமாங்க. இப்ப அங்க ரோட்ல இவங்க வண்டி நெறையங்க."

"அப்ப ஆம்பளதான்" என்றார். ஏலத்தில் கேட்டு எடுத்தும்விட்டார். வெளியே வரும்போது அண்ணன் தோளில் கை வைத்து, எனக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "உன் தம்பி பேச்ச நம்பி எடுத்துக்கீறேன். இது நடுரோட்ல என்ன நிக்க வச்சிதுன்னு வையி, வித்துட்டு டிராக்டரே போதும்னு இருந்துடுவேன். டிரைவரும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

அண்ணன் என்னைப் பார்த்தான். குழி ஞாபகம் அவன் கண்ணில் இருந்தது.

அந்தக் காரோடு பழகிய முதல் நாட்களை இப்போது நினைத்தாலும் சிலிர்க்கிறது. பானெட்டைத் திறந்தால் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. எந்தக் குழாய் எங்கே போகிறது என்று வகிடு எடுத்த மாதிரி தெரிந்தது. கதவைச் சாத்தினால் கன்னத்தில் அறைகிற சத்தம் இல்லை, மெத்தென்று ஒட்டிக்கொண்டது. முதல் நாள் அண்ணன் சாவியைத் திருகினான். ஸ்டார்ட் ஆகவில்லை என்று நினைத்து மறுபடி திருகினான். கர்ர்ரென்று ஒரு கத்தல். "டேய், ஏற்கெனவே ஓடிக்கினு கீதுடா!" என்று பயந்து கையை எடுத்தான். நம்மூர்க் கார் ஓடினால் தெருமுனை வரை தெரியும். இது ஓடுவது அதற்கு மட்டும்தான் தெரியும் போலிருந்தது. இன்ஜின் பக்கத்தில் ஜப்பான் எழுத்தில் சின்னதாக ஒரு தகடு. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே அண்ணன் அதற்குக் குங்குமம் வைத்தான்.

பண்ணைக்காரரின் மனைவி, நாங்கள் அம்மா என்று கூப்பிடுகிறவர், ஒரே பிடியாக நின்றார். பூஜை போடாத வண்டியில் ஏற மாட்டார். அமாவாசையன்று திருவள்ளூர்ப் பெருமாள் கோயிலுக்குப் போவதாக முடிவானது. நான் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனேன். முன்னால் அண்ணனும் பண்ணைக்காரரும், பின்னால் அம்மாவும் நானும், எங்கள் நடுவில் வெல்லக்கூடை. அந்தக் கோயில் வழக்கப்படி அம்மா குளத்தில் வெல்லம் கரைத்தார், சேவித்தார். பட்டர் வெளியே வந்து நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, சந்தனம் இட்டு, பெருமாளுக்குச் சாத்திய மாலை ஒன்றைக் கொடுத்தார். துளசியும் ரோஜாவும் நெருக்கிக் கட்டிய, தொடை கனம் உள்ள மாலை.

"முன்னாடி சாத்திக்கோங்கோ. பெருமாள் பாத்துப்பார்" என்றார்.

அண்ணன் அதை வண்டியின் முகப்புக் கிராதியில் இரண்டு மடிப்பாகப் போட்டு, அசையாமல் வாழைநாரால் இறுக்கிக் கட்டினான். "ஊடு போய்ச் சேர்ற வரைக்கும் இத யாரும் தொடக்கூடாது" என்றார் அம்மா. எங்கள் பக்கத்தில் புது வண்டிக்கு எல்லோரும் செய்வதுதான். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், ஒன்றும் தோன்றவில்லை.

அமாவாசைக் கூட்டத்தில் ஊரைத் தாண்டவே பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. மாட்டுவண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து, தாமரைப்பாக்கம் பக்கம் வந்தபோதுதான் பின்ஸீட்டிலிருந்து அதைக் கண்டேன். சூட்டைக் காட்டும் முள், எப்போதும் நடுவுக்குக் கீழே நிற்பது, மேல் கோட்டை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

"அண்ணா, முள்ளு ஏறுது."

"சும்மா இர்றா. எந்த வண்டில முள்ளு ஒழுங்கா காட்டிக்கீது? பழைய வண்டில அது செத்த பல்லியாட்டம் கெடந்துச்சே, நான் ஓட்டலியா?"

"இன்னா சொல்றான் உன் தம்பி?" என்று கேட்டார் பண்ணைக்காரர்.

"ஒண்ணும் இல்ல மொதலாளி. வெயில்ன்றான்."

அவன் நிலைமை எனக்குப் புரிந்தது. நிறுத்தினால் நடுரோட்டில் நின்றதாகிவிடும். அவர் சொன்னது சொன்னதுதான். நிறுத்தாவிட்டால் இன்ஜின் வெந்துபோகும். அப்புறம் காரும் இல்லை, வேலையும் இல்லை, என் பேச்சுக்கும் மதிப்பில்லை. முள் கோட்டைத் தொட்டது. சூடு, ரேடியேட்டர், சிலிண்டர் என்று நான் படித்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. வாயில் வந்தது வேறு.

"அண்ணா! இழை!"

அவன் இரண்டு காலும் மேலே எழும்பின. வண்டி தானே வேகம் குறைந்து ஒரு புளியமரத்தடியில் ஒதுங்கி நின்றது. அண்ணன் தன் கால்களையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

பண்ணைக்காரர் இறங்கினார். துண்டை உதறித் தோளில் போட்டார். "ஜப்பான்" என்றார், அவ்வளவுதான்.

நான் முன்பக்கம் ஓடினேன். பானெட்டைத் தூக்கியதும் அனல் முகத்தில் அடித்தது. புகை வரவில்லை, தண்ணீர் கொதித்துத் தெறிக்கவில்லை. மாலையின் இதழும் துளசியும் உள்ளே இழுக்கப்பட்டு, ரேடியேட்டரின் கண்களில் அப்பளம் மாதிரி ஒட்டிக் கிடந்தன. காற்று புக ஓர் ஊசிமுனை இடமில்லை.

"மாலைதான் மொதலாளி. காத்து போக வழி இல்ல. எடுத்துட்டா சரியாயிடும்."

"இன்னாது?" என்று கார் ஜன்னலிலிருந்து அம்மாவின் குரல். "பெருமாள் மாலையால கார் கெட்டுச்சின்றியா? படிச்சா இப்டியெல்லாம் பேச வருமா?"

"கெடல அம்மா. கெடறதுக்கு முன்னாடியே அது சொல்லிடிச்சி. எங்க ஊட்ல இழை அறுந்தா நாங்க கத்துவோம். இவங்க தறில அறுந்தா அதுவே நின்னுடும். அதே புத்திதான் இதுலயும் வச்சிக்கீறாங்க, முள்ளா. நாமதான் பாக்கல." எனக்கு மூச்சு வாங்கியது. "மூக்கையும் வாயையும் பூவால கட்டிட்டு என்ன ஓடச் சொன்னா, நான் மட்டும் ஓடுவனா?"

அம்மா இறங்கி வந்தார். அண்ணன் நாரில் கை வைக்கப் போனான். "நீ தொடாத" என்று தடுத்தார். குடிக்க வைத்திருந்த செம்புத் தண்ணீரில் கையைக் கழுவி, மாலையைக் கண்ணில் ஒற்றி, தானே அவிழ்த்தார். ஏந்திக்கொண்டு வந்து முன்ஸீட்டில் வைத்தார்.

"அது என் எடம்" என்றார் பண்ணைக்காரர்.

"நீங்க பின்னாடி வாங்க. பெருமாள் முன்னாடி குந்தட்டும்."

ரேடியேட்டரில் ஒட்டிய இதழ்களை நான் ஒவ்வொன்றாக எடுத்தேன். அண்ணன் கல்யாண மாப்பிள்ளைக்கு விசிறுகிற மாதிரி துண்டால் விசிறிக்கொண்டே இருந்தான். நன்றாக ஆறவிட்டுச் சாவியைத் திருகினான். வழக்கம்போல ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அந்த மௌனத்தை நான் வேறு எந்த இயந்திரத்திடமும் கேட்டதில்லை. கை கூப்பத் தோன்றியது.

அதற்குப் பிறகு அந்தக் காரில் யாரும் ரோட்டைப் பார்க்கவில்லை.

"இப்ப எங்க கீது முள்ளு?" இது அம்மா.

"பாதிக்கு எறங்கிட்சி" என்றேன்.

"இப்ப?"

"பாதிக்குக் கீழ. அங்கயே நிக்குது." இதைச் சொன்னவர் பண்ணைக்காரர். என் தோளில் சாய்ந்து, கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆரணி வந்ததும், "உங்க ஊட்டுக்கு உடு" என்றார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வாசலில் நிறுத்தியதும் நிலைப்படியில் தலை குனிந்து உள்ளே போனார். குழியில் இருந்த அப்பா பதறி எழப் பார்த்தார்.

"உக்காரு, உக்காரு. ஒண்ணு கேக்கணும். இழை அறுந்தா இன்னா பண்ணுவ?"

அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நிறுத்திடுவேங்க."

"அப்பறம்?"

"முடிஞ்சிட்டு ஓட்டுவேங்க. வேற இன்னா பண்றது?"

பண்ணைக்காரர் தறியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "நாளைக்கு மெட்ராஸ் போவணும். காலைல வண்டிய எடுத்துக்கினு வந்துடு. வர்ற வழில முள்ளப் பாத்துக்கினே வா."

அவர்களைப் புதுவாயலில் விட்டுவர அண்ணன் வண்டியை எடுத்தான். அப்பா குழியிலிருந்து எழுந்து, மரத்த காலை உதறிக்கொண்டு வாசலுக்கு வந்தார். முன்ஸீட்டில் மாலை உட்கார்ந்திருக்க, பின்னால் முதலாளியும் அம்மாவும் ஒடுங்கியிருக்க, அந்த வெள்ளைக் கார் சத்தமில்லாமல் நகர்ந்து போனது.

"தறிய வெலைக்குக் கேக்க வந்தாராடா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. அந்தக் காரு, தறி செய்யறவங்க செஞ்சது."

"எந்த ஊர்க்காரங்க?"

"ஜப்பான்."

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். கார் திருப்பத்தில் மறையும் வரை நின்றார். அதன் பிறகும், அது கிளப்பிய தூசி அடங்கும் வரை நின்றுகொண்டிருந்தார்.