கோதண்டம் கைவிடாத தந்தி

தந்தி ஆபீஸ் கோதண்டத்தைப் பற்றி எங்கள் கரையில் யாரும் கெட்டதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். யாரையாவது திட்ட முடிந்தால் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

அவர் திருப்பாலைவனத்துக்காரர். அங்கே நெல் விளைகிற நிலத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு, உப்புத் தண்ணீர் ஏரிக்கரையில் இருந்த எங்கள் சின்னத் தபால் ஆபீசுக்குத் தந்தி அடிக்க வந்தார். காலையில் சைக்கிளில் வருவார், பொழுது சாய்ந்ததும் பூட்டிவிட்டுப் போவார். பெண்டாட்டி ருக்கு மூன்று தரம் கூப்பிட்டால்தான் அவருக்குக் காது கேட்கும், தந்தி மெஷின் லேசாக முனகினால் சோற்றுக் கையோடு எழுந்து ஓடுவார் என்று ஊரில் கேலி செய்வோம். கேட்டால் சிரிக்க மாட்டார். வேலை விஷயத்தில் அவருக்குச் சிரிப்பு வராது.

எங்கள் லைனுக்கு உப்புதான் எமன். கம்பத்து உச்சியில் இருக்கும் பீங்கான் குமிழ்களில் ஏரிக்காற்று உப்பைப் பூசிவிட்டுப் போகும். பனி இறங்கினால் அந்த உப்பு நனைந்து, கம்பியில் ஓட வேண்டிய மின்சாரம் கம்பத்தின் வழியே மண்ணுக்கு இறங்கிவிடும். வெயில் ஏறிக் காய்ந்ததும் லைன் தானாக உயிர் பெறும். காலையில் தட்டிப் பார்த்து அந்தப் பக்கத்திலிருந்து பதில் வராவிட்டால் கோதண்டம் பதற மாட்டார். பாட்டரியைப் பார்ப்பார். மண்ணில் புதைத்த எர்த் கம்பிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார். அதற்கும் மசியாவிட்டால் தந்திக் காகிதத்தை மேஜைமேல் இருக்கும் குத்துக்கம்பியில் குத்தி வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தட்டுவார்.

"லைன் சாவல, மயங்கிக் கீது. முழிச்சிக்கும்" என்பார்.

அவரிடம் கொடுத்த தந்தி போகாமல் திரும்பியதே இல்லை. கொடுத்தவரே வந்து வேண்டாம் என்று சொன்னால் ஒழிய, அவர் அதைக் குத்துக்கம்பியிலிருந்து எடுக்க மாட்டார். இதை நாங்கள் பெருமையாகப் பேசிக்கொள்வோம். எங்கள் பெருமையைக் கொண்டுபோய் ஏரியில்தான் போட வேண்டும்.

எழுபத்தெட்டாம் வருஷம் கார்த்திகை மாதம். ஏரிக்கு நடுவே உள்ள மேட்டில் குடியிருந்த கலந்தர், வாடைக் காற்றில் தோணி பிடித்துக் கரைக்கு வந்தார். இறால் வியாபாரி அவர். அவருடைய மனைவி கைருன் பீவி காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தாள். ஒரே மகன் பஷீர், பெண்டாட்டி பரீதாவோடு சென்னையில் இருந்தான். தோல் மண்டியில் வேலை. "மதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி" என்று எழுதிக் கொடுத்தார் கலந்தர்.

கோதண்டம் தட்டினார். பதில் இல்லை. மதியம் வெயில் வந்தும் பதில் இல்லை.

"இது உப்பு வேலை இல்ல பாய். எங்கியோ கம்பி அறுந்திருக்கு. லைன்மேன் தருமன் போயிருக்கான். நீங்க போங்க, நான் எப்படியும் அனுப்பிடுவேன்."

மறுநாள் கைருன் பீவி கண் திறந்தாள். கஞ்சி கேட்டாள். கலந்தர் சந்தோஷத்தில் மறுபடி கரைக்கு ஓடி வந்தார். வந்தவர் தந்தி ஆபீசுக்குப் போகவில்லை. மீன் லாரி டிரைவர் தாமோதரனைப் பிடித்து, "எம் பையன்கிட்ட சொல்லிடுப்பா. அவங்கம்மாவுக்கு ஜுரம் வந்துச்சு, இப்ப நல்லாயிடுச்சு, கவலைப்பட வேணாம்னு" என்று சொல்லி அனுப்பினார்.

நல்ல செய்தியைத் தந்தியில் அனுப்புகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. தந்தி என்றால் சாவு. தபால்காரர் கையில் அந்தக் காகிதத்தைப் பார்த்ததுமே பெண்கள் மார்பில் அடித்துக்கொள்வார்கள், பிரிப்பதெல்லாம் அப்புறம்தான். பிழைத்து எழுந்தவளைப் பற்றித் தந்தி கொடுக்க எந்தப் புருஷனுக்கு மனசு வரும்?

ஆபீஸ் ஜன்னலிலிருந்து கோதண்டம் குரல் கொடுத்தார். "இன்னும் போவல பாய்! விட மாட்டேன்!"

கலந்தர் கையை மட்டும் ஆட்டினார். அதுவரை அந்தத் தந்தி செத்துப்போனதாகவே அவர் நினைத்திருந்தார். எடுத்துவிடு என்று சொல்ல வாய் வரை வந்ததாம். ஆனால் அந்த 'சீரியஸ்' என்ற பேச்சை மறுபடி வாயில் எடுத்தால் அது திரும்பி வந்துவிடுமோ என்று பயந்து, பேசாமல் தோணி ஏறிவிட்டார். அந்தப் பயத்தை என்னால் குற்றம் சொல்ல முடியவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் போயிருப்பேன்.

அன்று ராத்திரி வாடை பலத்தது. மேட்டுக்கும் கரைக்கும் தோணிப் போக்குவரத்து நின்றது. சென்னையில் பஷீர், தாமோதரன் சொன்னதைக் கேட்டு, அடுத்த வாரம் போய் அம்மாவைப் பார்க்கலாம் என்று நிம்மதியாக இருந்தான்.

இரண்டு நாள் கழித்து, வயல்வெளியில் பனைமரம் சாய்ந்து அறுந்திருந்த கம்பியைத் தருமன் கண்டுபிடித்து முடிந்தான். அன்று காலையிலேயே லைன் முழித்தது. கோதண்டம் முதல் வேலையாகக் கலந்தரின் தந்தியைத் தட்டினார். அந்தப் பக்கம் வாங்கிக்கொண்டது. அவர் முகத்தில் அன்று இருந்த திருப்தியை நானே பார்த்தேன்.

மதியத்துக்குள் அது பஷீர் கையில் இருந்தது. எந்தத் தேதியில் கொடுத்த தந்தி என்று அதன் தலையிலேயே எண்கள் இருக்கும். அம்மா சீரியஸ் என்று படிக்கிறவன் எண்ணையா பார்ப்பான்? குணமான காய்ச்சல் திரும்பி வந்து அடித்துவிட்டது என்றுதான் நினைத்தான். ஏழு மாதக் கர்ப்பிணியான பரீதாவை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினான்.

இருட்டுகிற நேரத்தில் கரைக்கு வந்து சேர்ந்தான். தபால் ஆபீஸ் பூட்டியிருந்தது. ஏரி வெள்ளை வெள்ளையாகப் புரண்டுகொண்டிருந்தது. தோணிக்காரன் மாணிக்கம் துறையில் உட்கார்ந்திருந்தான்.

"இன்னா பஷீரு, இந்தக் காத்துல எவன் தோணி எடுப்பான்? முந்தாநாளு பாத்தேன், உங்கம்மா எழுந்து குந்தினு கஞ்சி குடிச்சினு கீறாங்க. காலைல போலாம்."

பஷீர் தந்தியை நீட்டினான். "இன்னிக்கு வந்துச்சுண்ணா இது."

 மாணிக்கம் கண்ணால் பார்த்தது முந்தாநாள். காகிதம் வந்ததோ இன்றைக்கு. தந்தி பொய் சொல்லும் என்று எங்களில் யாருக்குத் தோன்றும்? அவன் வலையை மூடி வைக்கப் போன நேரத்தில், பஷீர் ஒரு சின்னத் தோணியை அவிழ்த்துக் கோல் ஊன்றிக் கிளம்பிவிட்டான். மாணிக்கம் கத்தியது காற்றில் போனது.

விடியற்காலையில் காற்று கொஞ்சம் அடங்கும், மதியத்துக்கு மேல் மறுபடி எழும். காற்று அடங்கிய அந்த நேரத்தில் மாணிக்கம் தேடிப் போனான். மேட்டு ஓரத்துச் சேற்றில் பஷீர் குப்புறக் கிடந்தான். வீட்டுக்குத் தூக்கிப் போனபோது கைருன் பீவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தூக்கி வருவது யாரை என்று கண்ணை இடுக்கிப் பார்த்தாளாம்.

கலந்தர் மாணிக்கத்தோடு கரைக்கு வந்து, நேராகத் தந்தி ஆபீசுக்குள் போனார். கோதண்டம் எழுந்து நின்றார். செய்தி அவருக்கு முன்பே வந்திருந்தது. 

"நீங்க வேணாம்னு சொல்லலியே, பாய்..."

"சொல்லல" என்றார் கலந்தர்.

ஃபாரம் வாங்கி மருமகளுக்கு எழுதிக் கொடுத்தார். பஷீர் இறந்துவிட்டான், உடனே புறப்படு என்று. கோதண்டம் அதைப் படித்துவிட்டு மெஷினில் கை வைக்காமல் நின்றார்.

"பாய், இப்ப போட்டா அவங்க வந்து சேர சாயங்காலம் ஆயிடும். காத்து எழுந்துடும்."

கலந்தர் திரும்பி ஏரியைப் பார்த்தார். அதற்குள்ளாகவே காற்றில் தண்ணீர் சுருக்கம் விழ ஆரம்பித்திருந்தது. 

"வராதேனு போடு."

"கடைசியா மூஞ்சியப் பாக்கணும்னு அழுவாங்களே பாய்."

"அழட்டும். வராதேனு போடு. கைக்குப் போய்ச் சேந்துச்சானு கேட்டு எனக்குச் சொல்லு."

கோதண்டம் தட்டினார். ஒரே தடவையில் போனது. பரீதா வாங்கிக்கொண்டாள் என்ற பதில் வருவதற்கு மதியம் ஆகிவிட்டது. அதுவரை கலந்தர் அந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. அங்கே மேட்டில், மகனைக் குளிப்பாட்ட அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.