பார்க்கர் வந்துவிட்டானா?

நோர்வேக்காரர் பிரதமரையும் முதற்பெயரால் கூப்பிடுகிறவர்கள். ஆகவே ஓஸ்லோவில் நாங்கள் வேலை செய்த முதியோர் இல்லத்தில், பிரித்தானியப் படையின் ஓய்வுபெற்ற ஜெனரல் வெறும் எட்வேட். இங்கிலாந்தில் மான்கள் மேயும் காணியோடு கூடிய மாளிகையில் பிறந்தவர். தாதிகள் "எட்வேட், கையைத் தூக்கு" என்பார்கள். அவர் தூக்கமாட்டார்.

சூசைரட்ணம் அண்ணை மட்டும் "சேர்" என்றார். அது தந்திரமல்ல. யாழ்ப்பாணக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவருக்கு, வயதான வெள்ளைக்காரரைப் பெயர் சொல்ல நா எழவில்லை. "சேர்" என்றதும் கை தானாக மேலே போயிற்று. அன்றிலிருந்து குளிப்பாட்டுவதும் உடுப்பு மாட்டுவதும் அண்ணையின் பொறுப்பு. வார இறுதிகளில் நான் உதவிக்கு நிற்பேன். முழங்காவில் கிராமத்தில் எங்கள் குடும்பத்திலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகப் படி மிதித்தவன் நான். ஓஸ்லோவில் வரலாறு படித்துப் பட்டம் வாங்கியிருந்தேன். அண்ணைக்கு அதில் என்னைவிடப் பெருமை. "பட்டதாரி, அந்த மலச்சட்டியை ஒருக்கா எடுத்துக்கொண்டு வாரும்" என்பார்.

ஜெனரலின் வாழ்க்கையை அவருடைய மகள் மார்கிரெத் ஸ்தவாங்கரிலிருந்து வரும்போதெல்லாம் சொல்லுவார். பிரபு ஒருவரின் மூன்றாவது மகன். மாளிகை மூத்தவனுக்கு, தேவாலயம் இரண்டாமவனுக்கு, இவருக்குப் படை. 1940 ஏப்ரலில், மீசை சரியாக அரும்பாத லெப்டினன்டாக, நோர்வேக்கு அனுப்பப்பட்டார். பனி மூடிய பள்ளத்தாக்கில் ஜெர்மானியர் நெருக்க, பின்வாங்கும்படி கட்டளை வந்தது. அவருக்கு எடுபிடியாக இருந்த பார்க்கர் என்ற சிப்பாய்க்கு வயிற்றில் குண்டு பட்டிருந்தது. தூக்கிப்போக வழியில்லை. ஒரு வைக்கோல் கொட்டிலில் கிடத்திவிட்டு, திரும்பி வருவதாகச் சொல்லிப் போனார். பார்க்கர் அங்கேயே இறந்தான். பிறகு பர்மா, மலாயா, பதவிகள், பதக்கங்கள். போர் முடிந்து பார்க்கரின் கல்லறையைத் தேடி வந்த இடத்தில்தான் இங்ரிட் என்ற நோர்வேப் பெண்ணைக் கண்டு மணந்தார். ஓய்வுபெற்றபின் அவளுடைய நாட்டிலேயே தங்கிவிட்டார்.

இங்ரிட் போனபின் மறதி நோய் வந்தது. முதலில் நோர்வே மொழி போயிற்று, பிறகு பதவிகள். கல்லறையும் நினைவிலிருந்து அழிந்துபோயிற்று. கொட்டில் மட்டும் மிஞ்சியது.

2004 வசந்தத்தில் ஒரு காலை, அண்ணை சட்டைப் பொத்தான் பூட்டிக்கொண்டிருக்க, ஜெனரல் தன்பாட்டில் ஏதோ சொல்லிக்கொண்டே போனார். எங்கள் ஊரில் ஒருவர் கதைத்தால் கேட்கிறவர் இடைக்கிடை "ஓம்" போடவேண்டும். போடாவிட்டால் மரியாதையில்லை. அந்த ஓம் சம்மதமும் அல்ல, சாட்சியும் அல்ல. அண்ணை அதையே ஆங்கிலத்தில் போட்டார்: யெஸ் சேர், யெஸ் சேர். அதற்கு நடுவில்தான் ஜெனரல் கேட்டிருக்கிறார்: "பார்க்கர் வந்துவிட்டானா?"

"யெஸ் சேர்."

கிழவர் அண்ணையின் கையைப் பிடித்து முத்தமிட்டாராம். அன்று கோட்டுப் போடச் சொல்லி, கதவுக்கு எதிரே கதிரையில் போய் இருந்தார். சாப்பாட்டைத் தொடவில்லை. அவருடைய படையில் முதலில் ஆட்கள் சாப்பிடவேண்டும், அதிகாரி கடைசியில்தான். பார்க்கர் வந்து சாப்பிடட்டும் என்றார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அப்படியே. உடம்பு கதிரைக்குள் சுருங்கிக்கொண்டு வந்தது. மார்கிரெத் வந்து கெஞ்சினார். மகளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

அன்று நாங்கள் குடியிருந்த ஸ்டோவ்னருக்குப் போகும் ரயிலில், அண்ணை என்னைப் பார்க்காமலே சொன்னார்: "ஒருக்காச் செத்த பொடியனை நான் திரும்பவும் சாகக் குடுக்கோணுமே?"

சொல்லாமலே விடலாமே என்றேன்.

"என்ர தம்பி காணாமல் போன நேரம், செத்துப்போனான் எண்டு அம்மாவுக்கு ஒருத்தரும் முடிவாச் சொல்லேல்லை. நானும் சொல்லேல்லை. சொல்லியிருந்தால் அழுதுபோட்டாவது ரெண்டு வாய் சாப்பிட்டிருப்பா."

மறுநாள் அண்ணை கதிரைக்கு முன்னால் கால் சேர்த்து நின்றார். "சேர், பார்க்கர் இறந்துவிட்டார்" என்றார்.

ஜெனரல் கதவைப் பார்த்தபடியே கேட்டார்: "தனியாகவா?"

அண்ணைக்கு அது தெரியாது. இந்த முறை அவர் "யெஸ் சேர்" போடவில்லை.

கிழவர் அழுதார். சத்தமில்லாமல், தோள்கள் மட்டும் குலுங்க. பிறகு ஓட்ஸ் கஞ்சியை முழுவதும் குடித்தார். நாங்கள் எல்லோரும் மூச்சு விட்டோம். விடிந்ததும் மறுபடி கேட்டார்: "பார்க்கர் வந்துவிட்டானா?"

அதன்பின் தினமும் சொல்லவேண்டியிருந்தது. தினமும் அவருக்கு அது புதிய மரணம். சொல்லாத நாளில் சாப்பிடவில்லை. தாதிகள் சொல்லிப் பார்த்தார்கள், அவர் காதில் ஏறவில்லை. நானும் "சேர்" போட்டே சொன்னேன். "நீ அங்கே இருந்தாயா?" என்று கேட்டார். அண்ணையிடம் அவர் அந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டதில்லை.

அது சமாதான காலம், யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்தது. தாயைப் பார்க்க யூலையில் போவதற்கு அண்ணை விமான ரிக்கற் எடுத்திருந்தார். அதைத் தள்ளிவைத்தார். ஏன் என்று நான் கேட்டதற்கு, "அந்த மனுசன் பசியோட இருப்பார்" என்றார்.

யூலை முழுவதும் அண்ணை காலையில் வந்து, கால் சேர்த்து நின்று, கேள்விக்காகக் காத்திருப்பார். கேள்வி வரும்.

"நோ, சேர்" என்பார்.

கிழவர் அழுது முடியும்வரை, கஞ்சி ஆறிவிடாமல், கோப்பையை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு நிற்பார்.