பசிக்காதவருக்குப் பரிமாறுவது

மறுசோறு வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் தட்டை நகர்த்திய அன்றுதான் எனக்கு முதலில் உறுத்தியது. நத்தம் பஸ் ஓட்டியவர். தொட்டுக்கொள்ள மூன்று தடவை போட்டாலும், "வெஞ்சனம் அம்புட்டுத்தானாடி?" என்று கேட்பார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்ல, மகள் எழுதுகிறாள். ஊர்க்கதையை வெட்டிவிட்டேன் என்கிறாள். வெட்டட்டும்.

இரைப்பையில் புற்று. மதுரையில் இரைப்பையையே எடுத்துவிட்டு, உணவுக்குழாயைக் குடலோடு சேர்த்துத் தைத்தார்கள். பிழைத்தார். தெருவுக்கே மிட்டாய் கொடுத்தேன்.

பசி மட்டும் திரும்பவில்லை.

"என்மேல எதுவும் கோவமா இருக்காராம்மா?" என்று திண்டுக்கல் டாக்டரம்மாவிடம் கேட்டேன். சிரித்துவிட்டார்.

"பசியைக் கிளப்புற ஹார்மோன் (உடம்புக்குள் சேதி சொல்லும் சுரப்பு) பெரும்பாலும் இரைப்பையிலதாம்மா சுரக்கும். அதான் இல்லையே. மணி பாத்து, கொஞ்சங்கொஞ்சமா ஆறு தடவை குடுங்க. இனிப்பு மட்டும் வேணாம்."

பிரசாதம் வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லவில்லையே! நாத்தனார் பழனியிலிருந்து பஞ்சாமிர்தம் கொண்டுவந்தாள். "முருகன் குடுத்தது, மறுக்காதீங்க" என்று கை நிறைய ஊட்டினேன். சாப்பிட்டார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஒன்றரை மணி நேரத்தில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. மகளைத் தன் தங்கை பேர் சொல்லிக் கூப்பிட்டார். சர்க்கரை ஏறிவிட்டது என்று நான் பாகற்காய்ச் சாறு பிழியப் போனேன். நல்லவேளை, மகள் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினாள்.

"ஏறலம்மா, இறங்கிருச்சு" என்றார் டாக்டரம்மா. "இரைப்பை இருந்தா செத்த நேரம் வச்சிருந்து அனுப்பும். இப்ப இனிப்பு மொத்தமா குடல்ல விழுது. குடல் ஹார்மோன் எல்லாம் ஒண்ணாக் கூச்சல் போடும். இன்சுலின் (சர்க்கரையை இறக்கும் சுரப்பு) தேவைக்கு மேல கொட்டிரும்."

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், பிரசாதத்தை அவர் கண்ணில் ஒற்றி எடுங்கள், போதும். முருகன் கோபிக்க மாட்டார்.

அதற்குப் பிறகு அவர் சாப்பிடவே பயந்தார். எலும்பு தெரிந்தது. ஒருநாள் நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒனக்குப் பசிக்குதா?"

"பசிக்குதுங்க."

"எப்படி இருக்கும் அது? மறந்துபோச்சுடி."

வயிற்றைத் தொட்டுக் காட்டினேன்.

"சரி, எனக்கும் ரெண்டு வாய் வை."

இப்போது எங்கள் வீட்டில் பகல் என்பது ஆறு துண்டு. ஆறு வேளையும் தட்டோடு அவர் எதிரில் உட்கார்ந்து, "பசிக்குதுங்க" என்கிறேன். பாதி பொய்தான். நான் ஒரு வாய் வைத்தால் அவரும் வைக்கிறார். என் ரவிக்கையை இரண்டு தடவை பிரித்துத் தைத்தாயிற்று. அவர் இடுப்பில் வேட்டி இன்னும் நிற்கவில்லை.