சோப்புப் பெட்டியில் நான்கு திருகாணிகள்

அம்மா மருத்துவமனையிலிருந்து வீடு திரும்ப இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தபோது இது தொடங்கியது. நான் வேதியியல் படித்தவள். கதை கட்டத் தெரியாது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுவேன், அதனால்தான் எழுதுகிறேன். இதில் ஒரு வரிகூட நானாகச் சேர்த்ததில்லை.

எங்கள் மூன்றாம் மாடிப் படியில் விழுந்து அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இனி அவளால் படி ஏற முடியாது. எங்கள் மத்தான்சாஸ் நகரில் வீட்டை விற்று வாங்குவதைவிட மாற்றிக்கொள்வது எளிது. கடலோரத் தரைவீட்டில் தனியாக இருந்த எலிசேயோ, எழுபது வயதுக்காரர், கேட்டதும் சம்மதித்தார்.

"கடல் காத்தை விட்டுட்டு மூணு மாடி ஏறப் போறாராம், கிறுக்கு!" என்றாள் அவருடைய பக்கத்து வீட்டு நெரெய்டா. "டெல்ஃபினா மாரடைப்புல போனதுலேர்ந்தே அந்த மனுஷன் சரியில்ல, தங்கமே. பொண்டாட்டியப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டாரு."

வீடு மாறினோம். அம்மா பிடித்து எழ, அந்தத் தரைவீட்டுக் குளியலறைச் சுவரில் ஒரு கம்பி வேண்டும். இல்லையென்றால் மறுபடி விழுவாள். "இன்னொரு முறை விழுந்தால் எழ மாட்டார்" என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

உப்புக் காற்றில் சுவர் முழுக்கப் பொரிந்திருந்தது. ஒரே ஓர் இடம்தான் உறுதி. அங்கே ஏற்கெனவே நான்கு திருகாணிகள் துருவேறி, தலையில்லாமல் சுவருக்குள் இறுகிக் கிடந்தன. துருவில் முறிந்தவை என்று நினைத்தேன். தொட்டுப் பார்த்தேன். முறிந்த இடம் கரடுமுரடாக இருக்க வேண்டும். இவை வழவழப்பாக இருந்தன... அறுத்தது போல.

பெரியம்மா மகன் ரொலாண்டோ தண்ணீர்க் குழாயை வளைத்துக் கம்பி செய்து வந்தான். ஒவ்வொரு திருகாணித் துண்டின் முனையிலும் ஒரு நட்டை வெல்டிங் செய்தான். ஸ்பேனர் போட்டுத் திருகினான். முனகிக்கொண்டே நான்கும் வெளியே வந்தன.

"தூக்கிப் போட்டுடாதடி யாமிலே. புது ஸ்க்ரூவுக்கு எங்க போவ? இது பழைய இரும்பு, நட்டே இப்ப தலை."

"துருப் பிடிச்சிருக்கே?"

"எனக்கும்தான் துருப் பிடிச்சிருக்கு. ஓடிக்கிட்டுதான இருக்கேன்?"

அதே திருகாணிகளால் கம்பியை இறுக்கினான். கால்களை மடக்கி அதில் தொங்கினான். இருநூற்றிருபது பவுண்டு உடம்பு. கம்பி அசையவில்லை. சிரித்துக்கொண்டே போனான்.

மாலை ஆறரைக்கு மின்சாரம் போனது. மெழுகுவர்த்தியை ஏற்றி, வாளித் தண்ணீரில் குளிக்கப் போனேன்.

கம்பி தரையில் கிடந்தது.

விழுந்த சத்தம் கேட்கவே இல்லை. திருகாணிகள் நான்கும் சோப்புப் பெட்டியில், வரிசையாக. ஈரமாக.

ரொலாண்டோ விளையாடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். திரும்ப மாட்டினேன். கை வலிக்கும்வரை இறுக்கினேன். துண்டை எடுக்கத் திரும்பினேன்.

கிர்...

நின்றேன்.

கிர்... கிர்...

மெழுகுவர்த்தியைத் தூக்கிப் பிடித்தேன். ஒரு நட்டு தானாக இடப்பக்கம் சுழன்றுகொண்டிருந்தது. மெதுவாக. பொறுமையாக.

ஓடியிருக்க வேண்டும். ஆனால் காலையில் அம்மா வருகிறாள். பாய்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

கம்பி கனத்தது. மறுமுனையை யாரோ பிடித்திருந்தார்கள். இழுக்கவில்லை. எழுந்து நிற்க முடியாதவர்கள் பிடிப்பது போல... அதன் நடுக்கம் என் விரல்களுக்கு வந்தது.

"விடுங்க..." என்றேன். "எங்கம்மாவுக்கு வேணும்."

கம்பியை இன்னும் இறுகப் பிடித்தேன்.

பிறகு நான்கு நட்டுகளும் ஒன்றாகச் சுழலத் தொடங்கின.

வேகமாக.

இரவை வாசற்படியில் கழித்தேன். விடிந்ததும் உள்ளே போனேன். சோப்புப் பெட்டியில் நான்கும் வரிசையாக இருந்தன. ஒன்றை எடுத்து விரலால் அழுத்தினேன். பிஸ்கட் போல இரண்டாக ஒடிந்தது. உள்ளே இரும்பே இல்லை, சிவந்த பொடிதான்.

அப்படியென்றால் முந்தின நாள் ரொலாண்டோவைத் தாங்கியது எது?

அவற்றைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு எங்கள் பழைய வீட்டுக்குப் போனேன். எலிசேயோ கதவைத் திறந்தார். கைக்குட்டையை விரித்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"எங்க இருந்துச்சு, மகளே?"

"சோப்புப் பெட்டியில."

"வரிசையா?"

"ஆமா."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் அங்கதான் வைப்பா. அவ போனதுக்கப்புறம் நான் தெனமும் கம்பிய மாட்டுவேன். விடிஞ்சா கழட்டி வச்சிருப்பா. தாங்க முடியல. கம்பியக் கடல்ல எறிஞ்சேன். ஸ்க்ரூவச் சுவத்துக்குள்ள இறக்கித் தலைய அறுத்தேன். இனி யாரும் தொட முடியாதுன்னு நெனச்சேன்."

எழுந்து போய், துணியில் சுற்றிய எதையோ கொண்டுவந்தார். நான்கு பித்தளைத் திருகாணிகள். படகுக்குப் போடுவது, துருவேறாது. என் கையில் வைத்து, என் விரல்களை அவரே மூடினார்.

"இத மாட்டு. இதக் கழட்ட மாட்டா."

"எப்ப வாங்கினது?"

"அவளப் பொதச்ச மறுநாள் கெடைச்சுது."

கீழே தெருவில் யாரோ ரொட்டி கூவிக்கொண்டு போனார்கள். அது தேய்ந்து மறையும்வரை காத்திருந்தார்.

"மாரடைப்பு இல்லம்மா. டெல்ஃபினா விழுந்து கெடந்தப்ப கம்பி அவ கையிலதான் இருந்துச்சு. மாட்டிக் கொடுத்தது நான். இதே பழைய ஸ்க்ரூவப் போட்டு."